புளி – போக்கு: மந்தம்

“யாருக்குப் போக்கு வந்துச்சி? அந்த ஆளக் கூப்டுங்க. எங்க புளியக் கரச்சி நானே ரசம் வச்சித் தரேன். குடிச்சிட்டு என் எதிரிலியே ஒக்காரட்டும். வயிறு இன்னா ஆவுதுன்னு பாத்துடலாம்.”

விற்பனைக் கூடத்தின் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு சின்னப்பொண்ணு இப்படிக் கேட்டபோது, எங்கள் கண்காணிப்பாளர் தணிகாசலம் சார் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் செய்வது அதுதான். துடைத்து முடிப்பதற்குள் பெரும்பாலும் கோபம் போய்விடும்.

“அம்மா, இது ஆஸ்பத்திரி போர்டு இல்ல. வெல போர்டு.”

“ஊரே அப்பிடித்தான படிக்குது? பூக்காரம்மா படிச்சி சொன்னாங்க. சைக்கிள் கடக்காரரு படிச்சி சொன்னாரு. மலப்புளி தின்னா போக்கு, மந்தம். கவருமெண்டே எழுதி வச்சிட்டுதுன்னு பேசிக்கினு போறாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே படிங்க, கேக்கறேன்.”

சார் வெளியே வந்தார். கேட்டின் பக்கத்துச் சுவரில், சாலையைப் பார்த்து மாட்டியிருந்த பலகையின் முன்னால் நின்றார். தான் எழுதியதைத் தானே வாய்விட்டுப் படித்தார்.

“புளி. மலை. போக்கு…”

அதோடு நிறுத்திக்கொண்டார்.

நான்கே வார்த்தைகள்

அந்தப் பலகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது விளங்காவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

நடந்தது கள்ளக்குறிச்சியில். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகளில் ஒன்று. எந்த மாதம், எந்தத் தேதி என்று சொல்ல மாட்டேன். பள்ளி நாளிலிருந்து நான் எழுதிவரும் டைரிகளில் கரையான் தின்றது அந்த ஒன்றைத்தான். தெரியாத தேதியை எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. மலையில் புளி உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து முடித்திருந்த வெயில் காலம் என்பது மட்டும் நிச்சயம்.

விவசாயிகள் விளைபொருளைக் கொண்டுவந்து விற்பதற்காக அரசு நடத்திய கூடம் அது. நான் அங்கே இளநிலை உதவியாளர். வேலைக்குச் சேர்ந்த புதிது. தினமும் எலவனாசூர்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்தேன்.

பலகையில் நான்கு கட்டங்கள். விளைபொருள், வரத்து, விலை, போக்கு. இந்தத் தலைப்புகள் வெள்ளைப் பெயின்ட்டில் நிரந்தரமாக எழுதப்பட்டவை. கீழே அன்றன்றைய விவரத்தைச் சார் சாக்பீஸால் எழுதுவார். அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ‘ழ’ எழுதும்போது மட்டும் வாலை ஒரு சுழற்று சுழற்றுவார்.

‘போக்கு’ என்றால் விலை எந்தப் பக்கம் போகிறது என்று பொருள். அந்தக் கட்டத்தில் நான்கு வார்த்தைகளில் ஒன்றைத்தான் எழுதலாம் என்பது மேலிடத்து உத்தரவு. ஏற்றம், இறக்கம், நிலை, மந்தம். கேட்க ஆள் இல்லாவிட்டால் மந்தம்.

சாதாரண நாளில் பலகை நிறைந்திருக்கும். மணிலாக் கடலை, எள், பருத்தி, கம்பு, மக்காச்சோளம் என்று வரிசையாக இருக்கும்போது யாரும் எதையும் தப்பாகப் படிக்க வழியில்லை. அந்த வாரம் போராட்டக்காரர்கள் வெட்டிப்போட்டு, சாலையெல்லாம் மரம்; சரக்கு வர வழியில்லை. கூடத்தில் இருந்த ஒரே பொருள் சின்னப்பொண்ணுவின் புளி மூட்டைகள்தான். புது வரத்தும் விற்பனையும் இல்லாததால் வரத்து, விலைக் கட்டங்களில் ஆளுக்கொரு சின்னக் கோடு. ஆக, நடந்து போகிறவர் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: புளி (மலை). போக்கு. மந்தம்.

எங்கள் பக்கத்தில் போக்கு என்றால் வயிற்றுப்போக்கு. மந்தம் என்றால் குழந்தைக்குப் பால் செரிக்காமல் வயிறு உப்பிக்கொள்வது. வேறு எப்படிப் படிப்பார்கள்?

“அந்த ரெண்டு வார்த்தையும் அழிச்சிடுங்க சார்” என்றாள் சின்னப்பொண்ணு.

“போக்கு பெயின்ட்டும்மா. அழியாது.”

“அப்ப மந்தம்?”

“அது சாக்பீஸ்தான். ஆனா அத அழிச்சா வேற ஒண்ணு போடணும். ஏற்றம்னு போடட்டுமா? வெல ஏறலியே.”

“நீங்க போடுங்க, ஏறும்.”

“ஏறினாதாம்மா போடலாம்.”

“போட்டாதாங்க ஏறும்!”

விலையைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். அன்று கேட்டில் நின்று பேசிய இந்த இருவரில் யார் சொன்னது சரி என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மைக் பிடித்த கதை

சின்னப்பொண்ணு கூடத்துக்கு வந்ததே என் பேச்சைக் கேட்டுத்தான். அதனால் அவள் புளி விற்காத ஒவ்வொரு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சில வாரங்களுக்கு முன் ஆபீஸ் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போயிருந்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குத் தலை சுற்றி, வெள்ளிமலை போய்ச் சேர்ந்ததும் முதலில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டேன். சார் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார். பொம்பளைக் குரல் என்றால் கூட்டம் நிற்கும் என்பது அவர் கணக்கு.

“மண்டிக்காரர் மலைமேல் வந்து, அவர் தராசில், அவர் கல் போட்டு நிறுத்து எடுத்துப் போகிறார். கூடத்துக்கு வாருங்கள். எடை சரியாக இருக்கும். கமிஷன் கிடையாது. வியாபாரிகள் ஒருவருக்கொருவர் தெரியாமல் சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். யார் அதிகமோ அவருக்கு” என்று எழுதி வைத்திருந்ததை ஒப்பித்தேன்.

சாமை மூட்டைமேல் சாய்ந்து நின்ற ஒரு பெண் கேட்டாள். “எல்லாருமே கம்மியா எழுதினா?”

“வேணாம்னு சொல்லிடலாம். உங்க புளி, உங்க இஷ்டம்.”

“வேணாம்னு சொன்னா திட்ட மாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்ப அந்த வேணாம்னு சொல்றதுக்காகவே ஒரு வாட்டி வரலாமே” என்று சிரித்தாள். அவள்தான் சின்னப்பொண்ணு.

சொன்னபடியே வந்தாள். தன் வீட்டுப் புளியோடு, நம்பிக் கொடுத்த இன்னும் இரண்டு வீட்டுப் புளியையும் வாடகை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தாள். புறப்படும்போது கொழுந்தன் சொன்னானாம்: “போ அண்ணி, போ. புளியோட போயி புளியோடவே திரும்பி வா. அப்புறம் மண்டிக்காரரு காலுல நாங்கதான் உழணும்.” மண்டிக்காரர் மேலே வந்து கேட்ட விலையைவிட ஒரு ரூபாயாவது அதிகம் கிடைக்காவிட்டால், அந்த மலையிலிருந்து இனி ஒரு மூட்டைகூடக் கூடத்துக்கு வராது. அவள் பேச்சுக்கும் வீட்டில் மதிப்பு இருக்காது.

அவள் வந்து இறங்கிய மறுநாள் சாலையில் மரம் விழுந்தது.

துண்டுக்கடியில் விரல்

சீட்டு, பெட்டி என்பதெல்லாம் எங்களுக்கே அப்போது புதுசு. என் அப்பா எலவனாசூர்கோட்டையில் மணிலா, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, பயிரிட்டவர். அவர் காலத்தில் விலை பேசுவது துண்டுக்கடியில்தான். வியாபாரி அப்பாவின் கையைப் பிடித்து மேலே துண்டைப் போடுவார். உள்ளே விரலைப் பிடித்து அழுத்துவார். இத்தனை விரல் என்றால் இத்தனை ரூபாய். வெளியே இருவர் முகமும் கோயில் சிலை மாதிரி இருக்கும்.

ஒரு முறை பேரம் முடிந்து வீட்டுக்கு வந்த அப்பா, வெந்நீரில் கையை நனைத்துக்கொண்டே, “மல்லாட்ட வெல ஏறல, வெரல்தான் வீங்கிச்சி” என்றார். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி வருடக் கணக்கில் சிரித்தாள்.

வெளியே எழுதி மாட்டும் விலையை அப்பா கடைசிவரை நம்பவில்லை. “செவுத்துல எழுதினது வெல இல்லம்மா, சேதி” என்பார்.

ஒரே மரம்

கிழக்கே உளுந்தூர்பேட்டை சாலையிலும் மேற்கே சின்னசேலம் சாலையிலும் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் இல்லை. செய்தித்தாள் இல்லை. நான் ஊருக்குப் போக முடியாமல் டைப்பிஸ்ட் சரோஜா வீட்டில் தங்கிக்கொண்டேன்.

விலைக்கு என்ன ஆனது என்பதை வேலை இல்லாத அந்த நாட்களில் உட்கார்ந்து கவனித்தேன். வெளியிலிருந்து ஊருக்குள் வர வேண்டிய சரக்கெல்லாம் ஏறியது. வெங்காயம் ஏறியது, மண்ணெண்ணெய் ஏறியது, தீப்பெட்டிகூட ஏறியது. ஊரிலிருந்து வெளியே போக வேண்டிய சரக்கெல்லாம் இறங்கியது. கத்தரிக்காயைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். ஒரே மரம்தான். ஒரு பக்கம் விலையை ஏற்றிவிட்டு மறுபக்கம் இறக்கிவிட்டிருந்தது.

கடைகளில் கட்டாயம் விலைப்பட்டியல் மாட்ட வேண்டும், பழைய விலைக்குமேல் விற்கக் கூடாது என்று ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார்கள். சரோஜா வீட்டுப் பக்கத்து மளிகைக்காரர் சொன்னபடி மாட்டினார். வெங்காயத்துக்கு நேரே பழைய விலையை அழகாக எழுதியிருந்தார். கூடை காலி.

“வெல கம்மியா இருக்குதே, ஒரு கிலோ குடுங்க” என்றாள் சரோஜா.

“வெல மட்டுந்தாம்மா வந்திருக்குது. வெங்காயம் இன்னும் வரல.”

மரத்துக்கு அந்தப் பக்கம், நைனார்பாளையத்தில், அதே நாட்களில் வெங்காயம் களத்தில் குவிந்து, வாங்க ஆளில்லாமல் கிடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சின்னப்பொண்ணுவின் புளி வெளியே போக வேண்டிய சரக்கு. ஆத்தூர், சேலம் வியாபாரிகள் வர வழியில்லை. பெட்டியில் விழுந்தது ஒரே சீட்டு. அது உள்ளூர்ப் புளி மண்டி முருகேசனுடையது. அவர்தான் வழக்கமாக மலைமேல் போய் வாங்குகிறவர். மேலே தானே கேட்ட விலையைவிடக் குறைத்து எழுதியிருந்தார்.

சார் விலையைப் படித்தார். சின்னப்பொண்ணு ஒரே வார்த்தை சொன்னாள். “வேணாம்.”

“வேற யாரு வரப்போறாங்க?” என்றார் முருகேசன். “உங்க சாரே மந்தம்னு போட்டுட்டாரு. நான் இன்னா பண்ணட்டும்?”

“நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். போயி மோரு குடிங்க.”

அவர் போன பிறகு என் பக்கம் திரும்பினாள். “திட்ட மாட்டாங்கன்னு சொன்னியே பாப்பா, நெசந்தான். திட்டல.” சிரிக்க முயன்றாள். அன்று அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

கருவாட்டு லாரி

மூட்டைகள் கிடங்கில். அவள் விவசாயிகள் ஓய்வறையில். கைச்செலவுக்காக ஒரு மூட்டையை மட்டும் பிரித்துச் சில்லறையாக விற்கலாம் என்று நினைத்தாள். கூடத்துக்குள் சில்லறை விற்பனை கூடாது என்றார் சார். கேட்டுக்கு வெளியே என்றால் அவருக்கு ஆட்சேபணை இல்லை. கேட்டுக்கு வெளியே நிழல் இருந்த ஒரே இடம் அந்தப் பலகையின் அடி.

பலகையின் கீழே உட்கார்ந்தாள். வந்தவர்கள் மேலே படித்தார்கள், கீழே புளியைப் பார்த்தார்கள், நடையைக் கட்டினார்கள். அப்படித்தான் விஷயம் அவள் காதுக்கு வந்து, ஆரம்பத்தில் சொன்ன சண்டை நடந்தது.

சண்டை நடந்த அன்று சாயங்காலம் ஓர் ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். எங்கள் மதிலை ஒட்டி நாலைந்து லாரிகள் சிக்கிக்கொண்டு நின்றன. அதில் ஒன்று கடலூரிலிருந்து சேலத்துக்குக் கருவாடு ஏற்றிய லாரி. காற்று திரும்பும்போதெல்லாம் ஆபீஸ் ஃபைல்கூட நாறியது. இவன் அதன் டிரைவர், பாண்டி. மதுரைக்காரன். மூன்று வேளையும் புரோட்டா தின்று வயிறு கெட்டுப்போயிருந்தது.

பலகையை நிதானமாகப் படித்தான். முகம் மலர்ந்தது.

“மலைப்புளி. போக்கு, மந்தம். எக்கா, ரெண்டுமே எனக்கு இருக்கு. குடுங்க.”

சின்னப்பொண்ணு என்னைப் பார்த்தாள். “இவரு இன்னா சொல்றாரு?”

எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. ஊர் ஊராகப் போகிற டிரைவர் பஸ் ஸ்டாண்டுகளில் பார்த்துப் பழகியது லேகியக்காரர் போர்டு. மூலம், வாய்வு, பித்தம் என்று வியாதியின் பெயர்தான் அதில் இருக்கும். அதைத் தின்றால் மூலம் வரும் என்றா படிக்கிறோம்? தீரும் என்றுதானே படிக்கிறோம்!

“மருந்துன்னு நெனச்சிட்டாருக்கா” என்றேன்.

“மருந்தெல்லாம் இல்ல தம்பி, புளிதான்” என்றாள் சின்னப்பொண்ணு. “ரெண்டு நாளு புரோட்டாவ உட்டுட்டு ரசம் வச்சி, சோத்தக் கொழைய வடிச்சிச் சாப்புடு. தானா சரியாவும்.”

“பத்தியமும் சொல்றீங்களேக்கா!” என்று கையெடுத்துக் கும்பிட்டான். புளிக்குக் காசு கொடுத்தான். கூடவே கைநிறைய நெத்திலிக் கருவாடும் கொடுத்தான். அந்தக் கருவாட்டையும் அந்தப் புளியையும் சேர்த்து மறுநாள் அவள் வைத்த குழம்பைக் கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டோம். அலுவலக நேரத்தில் சாப்பிடுவது முறையல்ல என்று சொல்லிக்கொண்டே சார் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

புரோட்டாவை விட்டால் எந்த வயிறும் சரியாகும். பாண்டிக்கும் இரண்டே நாளில் சரியாயிற்று. அவன் லாரி லாரியாக ஏறி இறங்கிச் சொன்னான். அடுத்த நாள் பலகையின் அடியில் கூட்டம்.

தப்பாக எண்ணி வாங்குகிறார்களே என்று சாருக்கு உறுத்தல். நேராகக் கூட்டத்தின் நடுவில் போய் நின்றார்.

“இது மருந்து இல்ல. சாதாரணப் புளி. போக்குன்னா விலையோட போக்கு.”

“அப்பிடித்தான சொல்லுவீங்க” என்றாள் ஓர் அம்மா. “மருந்துன்னு சொல்லி வித்தா லைசென்ஸ் கேப்பாங்க. தெரியாதா எங்களுக்கு? ஒரு கிலோ போடும்மா.”

முதலில் பலகையைப் படித்துச் சின்னப்பொண்ணுவிடம் சொன்ன பூக்காரம்மாவும் அந்த வரிசையில் நின்றிருந்தார். “நான் அப்பவே சொன்னேனே” என்றார். எதைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

பெட்டியைத் திறந்தோம்

முருகேசன் எதிர்ப்பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூட்டை காலியாகி அடுத்த மூட்டை பிரிந்தது. அவர் டீ ஆறியது. இதற்கிடையில் மரங்களை அப்புறப்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், ஆத்தூர்க்காரர்கள் மறுநாள் காலையே வந்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது.

அன்று பிற்பகல் முருகேசன் உள்ளே வந்து சீட்டு வாங்கினார். எழுதினார், அடித்தார், வேறு சீட்டு வாங்கி எழுதினார். பெட்டியில் போட்டுவிட்டு அங்கேயே நின்றார்.

சார் பெட்டியைத் திறந்து, சீட்டைப் பிரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார். முருகேசன் மலைமேல் கேட்டதைவிட அதிகம். ஒரு ரூபாய் அல்ல, அதைவிட நன்றாகவே அதிகம்.

எல்லோரும் சின்னப்பொண்ணுவைப் பார்த்தோம். அவள் அவசரப்படவில்லை. முருகேசனைக் கேட்டாள்:

“ஏங்க, மந்தம்னு போட்டிருக்குதே?”

“போட்டிருக்கட்டும் உடும்மா.”

“போக்குகூட வருதாம்.”

“யம்மா, தாயே. சரின்னு சொல்லு.”

“சரி” என்றாள்.

விலையை ஏற்றியது திறக்கப்போகிற சாலையா, அந்தப் பலகையா என்று நானும் சாரும் பல வருடம் வாதாடியிருக்கிறோம். ஓய்வு பெறும் நாளன்றுகூடச் சார் சாலை என்றே சொன்னார். நான் இரண்டும் என்கிறேன்.

மறுநாள் காலை கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகும் ஜீப் கேட்டருகே வந்து நின்றது. பணத்தை முடிந்துகொண்டு சின்னப்பொண்ணு முன்சீட்டில் ஏறினாள். வழியனுப்ப நான் நின்றேன். முருகேசனின் ஆட்கள் புளியைக் கிடங்கிலிருந்து தூக்கிக் கேட்டோரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சார் ஈரத்துணியோடு பலகைக்கு வந்தார். ‘மந்தம்’ அழிந்தது. விலைக் கட்டத்தில் விலை எழுதினார். கடைசிக் கட்டத்தில், நான்கு வார்த்தைகளில் அவருக்கு மிகவும் பிடித்த வார்த்தையைப் பெரிதாக எழுதிவிட்டு, ஓரடி பின்னால் நகர்ந்து அழகு பார்த்தார்.

லாரியைக் கிளப்பப் போன பாண்டி, வீட்டுக்குக் கொஞ்சம் வாங்கிப் போகலாம் என்று பையோடு ஓடிவந்தான். பழக்கப்படி மேலே படித்தான். அவன் முகம் மாறியது.

“மலைப்புளி. போக்கு… ஏற்றம்? என்ன சார் இது, நேத்துவரைக்கும் மந்தந்தானே இருந்துச்சு. இப்பப் போக்கு ஏறிப்போச்சா? வேண்டாம் சாமி!” பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டான்.

மூட்டையைத் தூக்கிய ஆட்கள் நின்றார்கள். முருகேசன் பலகையைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

ஜீப் உறுமிக்கொண்டு நகர்ந்தது. சின்னப்பொண்ணு தலையை வெளியே நீட்டி, அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“ஏறினா ஏறட்டும் தம்பி. அது இப்ப மண்டிக்காரரு புளி!”